விளக்கை அணைத்தவனுக்கு மாலை

சங்கு ஊதுகிறது. ஏறி இறங்காமல் ஒரே நீட்டாக. தாராவியில் எங்கள் சந்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அறுபத்தைந்தாம் வருஷம். பாகிஸ்தானோடு சண்டை. சங்கு ஊதினால் விமானம் வருகிறது, விளக்கு எரியக் கூடாது. இப்போதுதான் இருட்டியிருக்கிறது.

என் தங்கை அமலிக்கு வலி முற்றிவிட்டது. பிள்ளையின் தலை தெரிகிறது. சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான். தூக்கிப் போக ஓர் ஆளும் வெளியே வரவில்லை. மருத்துவச்சி ஞானம்மாள் மட்டும் வந்திருக்கிறாள். வாசலில் கம்பளி தொங்கவிட்டு, சிமினி விளக்கைத் தரையில் வைத்திருக்கிறாள்.

வெளியே தடிச் சத்தம்.

"பத்தி பந்த்! வெளக்க அணைங்க!"

தங்கராசு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சண்டைக்கு முன் அவனை ஒரு நாய்கூட மதித்ததில்லை. விளக்கணைப்பு வார்டன் என்று கையில் பட்டை கட்டியதும் தெருவே அண்ணாச்சி என்கிறது. கம்பளியை விலக்கி உள்ளே வந்தான்.

"கழுத்துல கொடி சுத்திருக்குய்யா. செத்த நேரம் வெளிச்சம் வேணும்" என்றாள் ஞானம்மாள்.

"ஒத்தப் புள்ளைக்காகத் தெருவே சாகணுமா?"

அவன் பின்னால் வந்து கூடியவர்கள் ஆமாம் என்றார்கள். முந்தின நாள் அமலிக்குக் குழம்பு கொடுத்தனுப்பியவளும் சொன்னாள். குறுக்கே நின்றேன். என்னைத் தள்ளிவிட்டு விளக்கை உதைத்தான்.

இருட்டு. ஞானம்மாளின் விரல்கள் தடவித் தேடின. பிள்ளை வந்தது. அழவில்லை.

காலையில் தெரிந்தது. ஊதியது மில் சங்கு. சண்டை முடியும்வரை ஊதக் கூடாதாம். எவனோ பழக்கத்தில் ஊதிவிட்டான். விமானச் சங்கு ஏறி இறங்கும். மில் சங்கு நீட்டாக ஊதும். தினமும் அதைக் கேட்டுச் சோறு கட்டிய எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு பயம்.

தப்பு என்று ஒருவராவது சொல்வார் என்று பார்த்தேன். ம்ஹும். பயந்து அடங்கியதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்தார்கள். விளக்கு வைத்தவளை உளவாளி என்றார்கள். அவள் வாசலில் சாணி அடித்தார்கள். ஞானம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாண்டுப் என்ற ஊருக்கே போய்விட்டாள். சண்டை நின்றதும் தங்கராசுக்குக் குழாயடியில் மாலை. அண்ணாச்சி மாதிரி இருக்கணும் என்று பெற்றவர்கள் பையன்களுக்குச் சொன்னார்கள்.

எங்கள் சந்தில் குண்டு விழவே இல்லை. உடைந்தது ஒரு சிமினி. போனது ஒரு மருத்துவச்சி. செத்தது ஓர் ஆண் பிள்ளை. இருட்டோடு கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அமலி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.