விளக்கு எரிந்த பிறகு சொல்லப்பட்ட பெயர்கள்

மேடையிலிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, செயலர் சுப்பராயலு அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அசரியாவின் துணைவியார் தபீதாள் அக்கா அவர்களே, சிட்லபாக்கத்திலிருந்தும் மாடம்பாக்கத்திலிருந்தும் வந்திருக்கும் திரைவட்ட நண்பர்களே, வணக்கம்.

முதலில் உறுதியான செய்தி. பேராசிரியர் அசரியா மருத்துவமனையில் இருந்தபோது, சென்ற மாதம் இரண்டாம் சனிக்கிழமை, இயக்குநர் உதயாவின் படம் இந்தக் கூடத்தில் திரையிடப்படவில்லை. நேற்று இதை என்னிடம் சொன்னவர் உதயா. உண்மைதான் என்று இன்று காலை ஒப்புக்கொண்டவர் செயலர். உதயாவிடமும் தபீதாள் அக்காவிடமும் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்பீர்கள். வேறு எங்கே பேசுவது?

வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் நம் அசரியா. யாரும் கண்டுகொள்ளாத படங்களையும் புத்தகங்களையும் தேடிப் பிடித்து, மாதந்தோறும் நம் முன்னே வைத்தார். இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு கவிதைத் தொகுப்பு, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாவல், காது கேளாத பெண் எடுத்த ஆவணப்படம். விருது வாங்கியதா என்று கேட்டால், "நீங்களே இன்னும் பாக்கல, அதுக்குள்ள எப்படிங்க விருது வரும்?" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு விதி. படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகுதான் எடுத்தவர் பெயரைச் சொல்வார். புத்தகத்தையும் செய்தித்தாள் அட்டை போட்டுத்தான் கொடுப்பார். "பேர முன்னாடியே சொன்னா படத்தப் பாக்க மாட்டீங்க. ஆளத்தான் பாப்பீங்க."

உதயாவின் குறும்படத்தைப் போன ஆண்டு அப்படித்தான் பார்த்தோம். தையல் இயந்திரத்தை விற்றுவிட்டு வீடு திரும்பும் ஒரு தாயின் கதை. விளக்கு எரிந்தது. பெயரைச் சொன்னார். கடைசி வரிசையிலிருந்து ஒரு திருநங்கை எழுந்து வந்தார். சுப்பராயலு கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தார்: "எங்கம்மாவையே பாத்த மாதிரி கீதும்மா!" நான் பக்கத்தில் நின்றேன். அது பொய்க் கண்ணீர் அல்ல.

பிறகு என்ன ஆயிற்று? அசரியா படுக்கையில் விழுந்தார். அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து, உதயாவின் புதிய படத்துக்கு மன்றத்தார் சுவரொட்டி அடித்தார்கள். பெரிய எழுத்தில், 'திருநங்கை இயக்கிய திரைப்படம்'. நல்லெண்ணம்தான். ஆனால், சில வீடுகளிலிருந்து தொலைபேசி வந்தது. "ஃபேமிலியோட வர்ற இடம் சார், இன்னா சார் இது?" படம் மாறியது. எல்லோரும் ஏற்கெனவே பார்த்த ஒரு நட்சத்திரப் படம் ஓடியது. உதயாவுக்குச் சொன்ன காரணம், புரொஜெக்டர் பழுது. அப்போது அவர் விழுப்புரத்திலிருந்து வந்து தாம்பரம் நிலையத்தில் இறங்கியிருந்தார். அங்கிருந்தே திரும்பிப் போனார். நிறைந்த கூடத்தின் புகைப்படத்தை மறுநாள் கைப்பேசியில் பார்த்தார்.

அதே நாள் அசரியா செயலரைக் கேட்டார்: "படம் எப்படிப் போச்சு?"

"ஹவுஸ்ஃபுல் சார்."

பொய்கூட இல்லை!

உடனே உதயாவைப் பாராட்ட வேண்டும் என்றார். எண்ணை அழுத்திக் கொடுத்தவர் தபீதாள் அக்கா. "மூச்சு வாங்குது, பேசாதீங்கன்னேன். எங்க கேட்டாரு?" என்கிறார். மறுமுனையில் நடந்ததை உதயா சொன்னார்: "சாருக்குக் கொரலே எழும்பல. 'கூட்டம் தாங்கலயாமே'ன்னாரு. நான் என்னண்ணா சொல்றது? ஆமா சார்னுட்டேன்."

நண்பர்களே! அவமதிக்கப்பட்டவர் அசரியாவின் மனத்தைக் காப்பாற்றினார். அவரிடம் கற்றவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் எதைக் காப்பாற்றினோம்? அசரியா மகிழ்ச்சியோடு போனார் என்று எனக்கு முன் இருவர் பேசினார்கள். ஆம், மகிழ்ச்சியோடுதான் போனார். அந்த மகிழ்ச்சியை நாம் கொடுக்கவில்லை.

"சார் மூஞ்சப் பாத்து சொல்ல வாய் வரலண்ணா" என்றார் சுப்பராயலு. புரிகிறது. மன்னிக்க வேண்டியவன் நான் அல்ல.

அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்வது எளிது. தொடர்வது என்றால் இதுதான்: வரும் இரண்டாம் சனிக்கிழமை, இதே கூடம், உதயாவின் அதே படம். கூடத்தைச் செயலர் பதிவு செய்துவிட்டார். தொலைபேசி செய்த வீடுகளுக்கும் அவரே நேரில் போய் அழைக்கிறார். பெயரை மறைத்து உங்களை உட்காரவைக்க இனி அசரியா இல்லை. பெயர் தெரிந்தே வந்து, படத்தைப் பாருங்கள்.

படம் வருமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. மதியம் உதயாவைக் கேட்டேன். "சாரே இல்லாத எடத்துக்கு யார நம்பிண்ணா வர்றது?" என்றார். புதன்கிழமை மாலை தன் முடிவைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.