மிளகாய் நாற்றுக்கு ஊற்றிய தண்ணீர்

வேலை விடும் நேரத்தில் எம். புதுப்பட்டியிலிருந்து கிளம்பிய பேருந்து. என் முன் இருக்கையில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் இருவர். நகக்கண்களில் வெள்ளித்தூள் இன்னும் மினுங்கியது.

"வீட்டுக்குப் பின்னால போட்ட மிளகா நாத்துக்கு எம்மேல என்ன கோவமோ, வளரவே மாட்டேங்குதுக்கா," என்றாள் இளையவள்.

"எந்தத் தண்ணி ஊத்துற?"

"வேலை விட்டுப் போயி கை கால் கழுவுற தண்ணிதான். குழாயில தண்ணி வாரதே எப்பவாச்சும். கீழ கொட்ட மனசு வரல."

"அடி கிறுக்கி! வெடிமருந்து கழுவுன தண்ணியில செடி எப்படி வளரும்?"

இளையவள் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையாலதானக்கா இத்தன வருசமாச் சோறு திங்கோம். நமக்கு ஒண்ணும் செய்யாதா?"

மூத்தவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாம என்ன, இனிமே வளரவா போறோம்?"