செம்பி என்கிற லட்டு

நாய் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். ஓசூரில் பாதி கம்பெனிகளுக்கு அன்றைக்குத்தான் லீவு. குளித்து, டிபன் சாப்பிட்டு, பிள்ளைகளுக்கு நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிவிட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி வருவார்கள். போட்டோ எடுக்க வேண்டுமே. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, மேடம். போட்டோவுக்காகவாவது ஒரு தெருநாயைத் தூக்கிக்கொள்கிறார்களே என்றுதான் நினைப்பேன்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நான் எப்போதும் நிதானம்தான். உங்கள் ஏட்டுதான் வேர்க்கிறார். உள்ளே வரும்போது பிரியா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நாய் செத்ததிலிருந்து அவள் மகள் சுசித்ரா சோற்றைத் தொடுவதில்லையாம். நான் வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். சொல்வதா வேண்டாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் நாய்க் காப்பகம் மூக்கண்டப்பள்ளியைத் தாண்டி இருக்கிறது. நிலம் நாராயணப்பன் ஐயாவுடையது. பர்கூரில் கிரானைட் வியாபாரம் செய்கிறார். தன் செல்ல நாய் செத்த துக்கத்தில் நிலத்தைக் கொடுத்தார், துக்கம் ஆறியதும் வருவதை நிறுத்திக்கொண்டார். உடைந்த கல் பலகைகளை மட்டும் லாரியில் அனுப்பிவைப்பார். எங்கள் நாய்கள் படுக்கிற தரை இந்த ஸ்டேஷன் தரையைவிடப் பளபளப்பாக இருக்கும். நான் அதற்கு முன்னால் சிப்காட்டில் வயர் கட்டுகிற லைனில் நின்றவள். கம்பெனியை மூடினார்கள், இங்கே வந்தேன். என் புருஷன் கோலாருக்கு வேலைக்கென்று போனார், போனவர் போனவர்தான். அதை உங்கள் ஏட்டு திரும்பத் திரும்பக் கேட்கிறார். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தயவுசெய்து இதில் சேர்க்க வேண்டாம்.

கேட்டவர்களுக்கெல்லாம் நான் நாயைக் கொடுத்துவிட மாட்டேன். சொந்த வீடா வாடகையா, இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போனால் பகலில் யார் பார்ப்பது, ஊருக்குப் போனால் எங்கே விடுவீர்கள் என்று குடைந்து எடுப்பேன். கொடுக்கும்போதே ஒன்று சொல்லிவிடுவேன்: “பொண்ணு கட்டிக் குடுத்த ஊட்டுக்கு வர்ற மாதிரி நான் சொல்லாமக் கொள்ளாம வந்து பாத்துட்டுப் போவேன். கோவிச்சுக்கக் கூடாது.” எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அதனால் எந்த வீட்டிலும் எனக்குக் கதவு திறந்தது. காப்பி கூடக் கொடுத்தார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாயைக் கர்நாடகத்துக்குள் கொண்டுபோய் விட்டால் திரும்பி வராதாம். ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி அத்திப்பள்ளியில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். என்னவோ நாயிடம் பர்மிட் கேட்டு மடக்கப்போகிற மாதிரி. படித்தவர்கள், இன்ஜினியர்கள், எல்லோரும்தான். தூக்கிப் போடுகிற பாவம் மாநிலம் மாறினால் தீர்ந்துபோகும் என்று நினைப்பார்கள் போல.

மணியை அப்படித்தான் விட்டார்கள். நான் கொடுத்த நாய். அத்திப்பள்ளியில் லாரிகள் நிற்கிற இடத்தில் கிடந்தான். சங்கிலி கிடையாது, ஆனாலும் நகரவில்லை. வெள்ளைக் கார் எது வந்தாலும் எழுந்து நிற்பான், பார்ப்பான், உட்காருவான். தகவல் தெரிந்து நான் போவதற்குள் ஒரு லாரி பின்னங்கால்களில் ஏறியிருந்தது. இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் ஊசி போட்டார். நான் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே செத்தான்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நாய்க்குச் சாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. காத்திருக்க மட்டும் நன்றாகத் தெரியும். ஆகவே காத்திருக்க விடாமல் செய்வதுதான் நாயை நேசிக்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை. இதில் எந்த இடம் தப்பு என்று நீங்களே காட்டுங்கள்.

ஒரு நாயை வேண்டாம் என்று முடிவு செய்கிற வீடு, அதை வாயால் சொல்வதற்கு வெகு காலம் முன்பே தெரிந்துபோகும். முதலில் ஹாலிலிருந்து பால்கனிக்கு மாற்றுவார்கள். பால்கனியிலிருந்து மாடிப்படிக்கு. மாடிப்படியிலிருந்து கேட்டுக்கு. கேட்டுக்கு அப்புறம் அத்திப்பள்ளிதான். எல்லப்பன் என்று ஒரு சூப்பர்வைசர், அவர் மனைவி உண்டாகியிருந்தாள், நாய் மாடிப்படிக்கு வந்திருந்தது. “குழந்தை பொறந்தா முடி ஆகாதுங்க்கா, டாக்டரம்மா சொல்லிட்டாங்க,” என்றார். மறுநாள் ஈரல் வாங்கி, உப்புப் போடாமல் வேகவைத்து, டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். வலிப்பு வருகிற நாய்களுக்காகக் காப்பகத்தில் எப்போதும் மாத்திரை இருக்கும். நாய் என் காலடியில் படுத்து, என் கையில் தின்று, என் புடவையில் மூக்கைத் துடைத்துவிட்டுத் தூங்கிப்போனது. அந்த மாதிரி ஒரு சாவு நமக்குக் கிடைக்குமா?

எல்லப்பன் அழுதார். அழுதுகொண்டே படியைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டார். உடம்பை நானே எடுத்துவந்து காப்பகத்து வேலியோரம் புதைத்து, மேலே ஒரு கிரானைட் துண்டை வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இதே மாதிரிதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் மாடிப்படிக்கு வந்த நாய்களுக்கு மட்டும்தான் செய்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், பால்கனிக்கு வந்தது படிக்கு வராமல் இருக்குமா? எதற்கு அந்த இடைப்பட்ட கஷ்டம்? பிறகு ஹாலில் புது சோபா வந்த வீடுகள். வீட்டுக்காரர் வாடகைக்கு ஆள் மாற்றப் போகிறார் என்று காதில் விழுந்த வீடுகள். வேலியோரம் உங்கள் ஆட்கள் தோண்டி எண்ணிச் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஒருவராவது என்மேல் சந்தேகப்பட்டார்களா என்று கேளுங்கள். இல்லை. முக்கால்வாசிப் பேர் முகத்தில் நிம்மதிதான் இருந்தது. அந்த நிம்மதிக்கு என்ன செக்ஷன் போடுவீர்கள், மேடம்?

ஷேக் தாவூத் பாய்தான் உங்களிடம் வந்து சொன்னார் என்று தெரியும். நல்ல மனுஷர். காப்பகம் தொடங்கியதிலிருந்து கறிக்கடையில் மிஞ்சுகிற கொழுப்பு, சவ்வு, எலும்பு எல்லாவற்றையும் வாளியில் எங்களுக்கென்று எடுத்துவைப்பார். ஈரலை மட்டும் நான் காசு கொடுத்துத்தான் வாங்குவேன். கடைசிச் சாப்பாடு தானமாக வந்ததாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். அவர் அதைக் கவனித்திருக்கிறார். போன வாரம் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “பவளக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஈரல் வாங்குற வாரமெல்லாம் எங்கியாச்சும் ஒரு நாய் செத்துப்போச்சுன்னு நீங்களே வந்து சொல்றீங்க. மனசுக்கு ஒரு மாதிரியா கீதுக்கா.” நான் சிரித்தேன். “வயசாவுது பாய், நாய்ங்களுக்கும்,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் எடை குறையாமல் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஈரல்தான் செம்பிக்குப் போனது.

செம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண் திறக்காத குட்டியாகச் சாக்கடையோரம் கிடந்தாள், செம்மண் நிறத்தில். பாட்டில் பால் கொடுத்து வளர்த்தேன். மற்ற நாய்கள் கொட்டகையில் படுக்கும், அவள் என் கட்டிலுக்குக் கீழே படுப்பாள். நான் பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். ராஜ்குமாரும் பிரியாவும் சுசித்ராவைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, எத்தனையோ குட்டிகளைக் காட்டினேன். இவள் நேராகப் போய் அந்தப் பிள்ளையின் மடியில் ஏறிப் படுத்துவிட்டாள். நான் கொடுத்தேன். எனக்கென்று எதையும் வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்கில்லை.

அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிரியா வரும்வரை தனியாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் விளக்கைப் போட்டு, டிவியைச் சத்தமாக வைத்து, கதவோரமே உட்கார்ந்திருப்பாளாம். நாய் வந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது என்று பிரியா எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். நல்லதுதானே. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

பிறகு ராஜ்குமார் போன் செய்தார். “எனக்கு புனேக்கு டிரான்ஸ்பர் ஆயிருக்குங்க்கா. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு.” டிரான்ஸ்பர். இந்த வார்த்தையை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். “நாய்?” என்று கேட்டேன். “அதுவும் வருதுக்கா, அது இல்லாம பாப்பா எப்பிடி இருப்பா?” என்றார். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் போனபோது பிரியா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. சுசித்ராதான் கதவைத் திறந்தாள். வீடெல்லாம் அட்டைப்பெட்டி. மூலையில் நாயை ரயிலில் கொண்டுபோகிற கூண்டு இருந்தது, புதுசு. அதன்மேல் பிள்ளை ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் லட்டு என்று எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தாள். உள்ளே ஒரு தலையணை. ஆமாம் மேடம், பார்த்தேன். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால்தான் பார்த்தேன். நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கூண்டு வாங்கியவர்கள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று என்ன நிச்சயம்? புனேயிலும் ஒரு அத்திப்பள்ளி இருக்காதா?

“செம்பி” என்று கூப்பிட்டேன். அவள் சோபாவின் மேல் படுத்திருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். இறங்கி ஓடிவருவாள் என்று நான் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். வாலை இரண்டு தரம் ஆட்டினாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவரைப் பார்த்தால் நாய்கள் ஆட்டுமே, அப்படி. பிறகு இறங்கிப் போய்ப் பிள்ளையின் பின்னால் நின்றுகொண்டாள்.

“ஆன்ட்டி, லட்டுன்னு கூப்டாத்தான் வரும். அந்தப் பேரு அதுக்கு மறந்துபோச்சு,” என்றாள் சுசித்ரா. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

நான் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஈரலை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பாட்டில் பிடித்த கை, மேடம். மோந்து பார்த்தாள், முகத்தைத் திருப்பிப் பிள்ளையைப் பார்த்தாள். சாப்பிடலாமா என்று கேட்கிறாள், அவளிடம். என்னிடம் இல்லை. நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. கை வலித்தது. “நான் குடுத்தாத்தான் சாப்புடும், அப்பிடிப் பழக்கியிருக்கோம். வெளியில யாராச்சும் எதாச்சும் போட்டுருவாங்கன்னு அம்மா சொல்லிச்சு,” என்றாள் பிள்ளை.

சரி என்று டப்பாவை அவளிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு துண்டாக ஊதி, ஆறவைத்து, ஊட்டிவிட்டாள். “நல்லா இருக்கா லட்டு?” என்று கேட்டுக்கேட்டு ஊட்டினாள். ஒரு துண்டும் மிச்சமில்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, கழுவும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே. எனக்குப் பொறுப்பு தெரியும். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த ஒரு தடவைதான் தூங்கும்வரை நான் கூட இருக்கவில்லை.

அது கஷ்டப்படவில்லை. பிள்ளையின் மடியில்தான் தூங்கியிருக்கிறது. பிரியா வந்து எழுப்பிப் பார்க்கும்வரை சுசித்ரா அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம், நாயின் தூக்கம் கலைந்துவிடும் என்று.

அவ்வளவுதான். மாத்திரை வைத்தது நான். இந்த வீட்டிலும் நான்தான், மற்ற எல்லா வீட்டிலும் நான்தான். யாரும் தூண்டவில்லை, புத்தி கலங்கவும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாளைக்கு வெளியே விட்டாலும் இதையேதான் செய்வேன். அன்பைப் பற்றி எனக்குப் பாடம் நடத்த இந்த ஊரில் ஒருவருக்கும் தகுதி கிடையாது.

ஆனால் பிரியா கேட்பதைச் செய்ய மாட்டேன். “எம் பொண்ணு மேல தப்பு இல்லைன்னு நீங்க வந்து சொல்லிடுங்கக்கா, உங்க கால்ல வேணா வுழறேன்,” என்று வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை சாப்பிட்டுவிடும், எனக்கும் தெரியும். ஆனால் நான் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை, மேடம். அந்தப் பிள்ளைதான் ஊட்டியது. நான் எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கையிலிருந்து அது ஒரு வாய்கூட வாங்கவில்லை.