சுவரடியில் ஊற்றிய தண்ணீர்

பதிவு செய்த நாள்: 2003 நவம்பர் 19, காலை பதினொன்றரை மணி. இடம்: யுவான்சி நகரக் காவல் நிலையம். பதிவு செய்தவர்: காவலர் துவான்.

என் பெயர் லியூ பாவோகுய். வயது ஐம்பத்து மூன்று. தகப்பனார் பெயர் லியூ ஷெங்சாய், காலமாகிவிட்டார். வட ஷான்சி, யுவான்சி நகரம், சந்தைத் தெரு, நான்காம் எண் வீட்டில் வசிக்கிறேன். ஆப்பிளும் இலந்தையும் மொத்தமாக வாங்கி லாரியில் ஏற்றி விற்பது தொழில். படிப்பு மூன்றாம் வகுப்பு. என்னை யாரும் கூப்பிடவில்லை, மிரட்டவும் இல்லை. நானாகவே வந்தேன்.

இறந்துபோன லியூ யென்மெய் என் உடன்பிறந்த தங்கை. வயது நாற்பத்து நான்கு. எங்கள் பெற்றோர் ஒரே குளிர்காலத்தில் இறந்தார்கள். அப்போது எனக்குப் பதினைந்து, அவளுக்கு ஆறு. அவளை முதுகில் கட்டிக்கொண்டு லாரிகள் நிற்கும் இடங்களில் சூரியகாந்தி விதை விற்றேன். அந்தக் காலத்தில் அது குற்றம். சோதனைக்கு ஆள் வந்தால் விதைப் பையை அவளுடைய பஞ்சு மேலங்கிக்குள் தள்ளிவிடுவேன். அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

அவளுடைய கணவர் ஹெ மான்தாங் இப்போது இந்த நிலையத்தில் விசாரணைக்காக வைக்கப்பட்டிருக்கிறார். ஷென்ஜியா ஓடைக் கிராமத்துக்காரர். மண் குகை வெட்டும் மேஸ்திரி. சுற்று வட்டாரத்தில் நாற்பத்தொரு குடும்பங்கள் அவர் வெட்டிய குகை வீடுகளில் குடியிருந்தன. இருவருக்கும் பிள்ளை இல்லை. மலைச் சரிவில் அருகருகே இரண்டு குகைகள் வெட்டி, ஒன்றில் குடியிருந்தார்கள், மற்றது சும்மா கிடந்தது. நடுவில் ஒன்பது அடி கனத்தில் மண்ணை வெட்டாமல் சுவராக விட்டிருந்தார். மேலே உள்ள மலையை அந்தச் சுவர்தான் தாங்குகிறது.

சென்ற வருடம் நான் நகரக் கிடங்கில் வைத்திருந்த ஆப்பிள் எல்லாம் தோல் சுருங்கிப் போயிற்று. வாங்க வந்தவர் ஒரு பழத்தைக் கையில் எடுத்து, "என்னங்க இது, ஆப்பிளா, என் மாமியார் மூஞ்சியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அதன் பிறகு, குகையின் குளிர்ச்சியில் வைத்தால் புத்தாண்டு வசந்த விழா வரை தாங்கும், அப்போது விலையும் கூடும் என்று முடிவு செய்து, இந்த வருடம் செப்டம்பர் இருபதாம் தேதி ஷென்ஜியா ஓடைக்குப் போய் மான்தாங்கிடம் சும்மா கிடந்த குகையைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஆப்பிள் வைங்க மச்சான், உருளைக்கிழங்கு வைங்க, வீட்ல அக்கா விரட்டினா நீங்களே வந்து படுத்துக்குங்க. தண்ணி மட்டும் உள்ள வரக்கூடாது. கை கழுவறதா இருந்தாலும் வாசல்ல போய்க் கழுவுங்க" என்றார்.

"மண்ணு என்ன சர்க்கரையா மாப்ளே, கரையறதுக்கு?" என்று கேட்டேன்.

"சர்க்கரையேதான். காய்ஞ்சிருந்தா நம்ம பேரன் காலம் வரைக்கும் நிக்கும். நனைஞ்சா, சொல்லிக்காம போயிடும்" என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன். இது எங்கள் பக்கம் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம். மழை பெய்து ஓய்ந்ததும் குகைக்கு மேலே உள்ள தரையைக் கல் உருளை இழுத்து இறுக்குகிறோம், எலி வளை கண்டால் அன்றே அடைக்கிறோம். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

அதன் பிறகு செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி ஆப்பிள் கூடைகளை இறக்கினேன். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது குகையின் காற்று வறண்டிருந்தது, பழத்தின் காம்புப் பக்கம் லேசாகச் சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது. அப்போது மான்தாங் வேறு ஊரில் குகை வெட்டும் வேலையில் இருந்தார், பத்து நாளுக்கு ஒரு முறைதான் வருவார். நான் ஆப்பிள் சேமிக்கும் வியாபாரிகள் கிடங்குகளில் செய்வதைச் செய்தேன். ஈரம் கொடுத்தேன். தரை முழுவதும் கூடைகள் இருந்ததால் இடைச்சுவரின் அடியை ஒட்டி மண்வெட்டியால் ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக வாய்க்கால் பறித்து அதில் தண்ணீர் ஊற்றினேன். நான்கு நாளுக்கு ஒரு முறை ஆறு வாளி. ஊற்றியது நான் மட்டும். பழம் பளபளவென்று ஆயிற்று. ஊற்றும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் வேகமாக இறங்கியது. அதைக் கண்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்டோபர் கடைசியில் யென்மெய் என்னைத் தன் பக்கத்துக் குகைக்குள் கூப்பிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் சுவரின் அடியைக் காட்டினாள். முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் அழுத்தினாள், விரல் உள்ளே போயிற்று.

"அண்ணே, சுவர் வேர்க்குது" என்றாள்.

"நீ அடிக்கடி ஆவியில ரொட்டி வேக வெக்கிற, அதான்" என்றேன்.

"இத்தனை வருஷமாவும் ரொட்டிதான் வேக வெக்கிறேன். அந்தப் பக்கம் தண்ணி ஊத்துறியா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. வசந்த விழா வரைக்கும்தான், அதன் பிறகு சுண்ணாம்பு போட்டுக் காயவைத்துவிடலாம், மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்றேன்.

"உனக்கு எப்பவுமே இன்னும் ரெண்டு மாசம்தான்" என்றாள். விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டு, "அவரு வந்தா கையால தட்டிப் பார்ப்பாரு. சத்தத்துலயே கண்டுபிடிச்சிருவாரு" என்றாள்.

மறுநாள் நான் நகரத்திலிருந்து பூப்போட்ட சுவர்த்தாள் வாங்கிக்கொண்டு போனேன். அவள் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள், நான் ஒட்டினேன். பசை ஈரத்தில் பிடிக்காத இடத்தில் மாவு மூட்டையைச் சாய்த்து வைத்தோம். அவள் மறுக்கவில்லை. என் சொல்லை அவள் ஒருபோதும் தட்டியதில்லை. மாவு மூட்டையை நகர்த்தியபோது, "முன்னாடி விதைப் பை, இப்ப சுவரு" என்று சொன்னாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு மான்தாங் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போனார். ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்க்காமல் உட்காராதவர், தன் வீட்டில் மட்டும் தாள் கிழிந்துவிடும் என்று கை வைக்கவில்லை. முதல் முறை வந்த மறுநாள் சந்தையில் என்னைப் பார்த்து, "வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கு மச்சான். அவ இத்தனை வருஷமா ஒண்ணும் கேட்டதில்ல, எனக்கும் தோணலை" என்றார். நான் வேறு பேச்சுக்குப் போனேன்.

நவம்பர் பதினாறாம் தேதி விலை ஏறியிருந்ததால் வசந்த விழாவுக்குக் காத்திருக்காமல் லாரியோடு போனேன். டிரைவர்களுக்குச் சாப்பாடு செய்யும்படி யென்மெய்யிடம் நான்தான் சொன்னேன். அவள் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் முற்றத்தில் நின்று கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஏற்றியாயிற்று. காலை பதினொரு மணி இருக்கும். பெரிய சத்தம் எதுவும் இல்லை. மூட்டையைத் தரையில் வைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, அதன் பிறகு இரண்டு குகை வாசலிலிருந்தும் மஞ்சள் தூசி வெளியே வந்தது.

நானும் டிரைவர்களும் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினோம். அன்றுதான் பக்கத்து ஓடைக் கிராமத்துக்கு வேலை மாறி வந்திருந்த மான்தாங்குக்கு ஆள் போய்ச் சொன்னதும் அவர் ஓடி வந்தார். வந்தவுடன் மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்து, "இரும்பு வேணாம், அவ மேல பட்டுடும்" என்றார். அதன் பிறகு எல்லோரும் கையால்தான் தோண்டினோம். முக்கால் மணி நேரத்தில் அவள் கிடைத்தாள். மூச்சு இல்லை. விரல்களில் மாவு இன்னும் காயாமல் இருந்தது. மான்தாங் அவளை மடியில் போட்டு, காதுக்குள் இருந்த மண்ணைச் சுண்டுவிரலால் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு காதை முடித்துவிட்டு, தலையைத் திருப்பி, மற்ற காதை எடுத்தார்.

அந்த நேரத்தில் டிரைவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து, ஏற்றியதை என்ன செய்வது என்று கேட்டார். கொண்டு போ என்றேன். அப்படிச் சொன்னதும் நான்தான்.

காவல் நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து, குகையை வெட்டியது யார் என்று கேட்டார்கள். மான்தாங், "நான்தான். சுவரை மெலிசா விட்டுட்டேன்" என்றார். அவர் வாக்குமூலத்திலும் அப்படியே சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது உண்மையில்லை. நேற்று நான் போய் இடிந்ததில் மிஞ்சி நிற்கும் சுவரின் உட்பகுதியை டேப் வைத்து அளந்தேன். ஒன்பது அடி நாலு விரல் இருக்கிறது. நீங்களும் போய் அளக்கலாம். நான் பறித்த வாய்க்கால் குகையின் வாசல் பக்கத்தில் ஆறு அடி நீளத்துக்கு இன்னும் அழியாமல் இருக்கிறது. சுவர் மெலிசு என்று அவர் சொன்னதை நம்பி, அவர் வெட்டிய குகைகளிலிருந்து நாற்பத்தொரு குடும்பங்களும் வெளியேறி, பள்ளிக்கூடத்திலும் உறவினர் வீடுகளிலும் இந்தக் குளிரில் கிடக்கிறார்கள். அந்த வீடுகளில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் திரும்பிப் போகலாம். அவரையும் வெளியே விட வேண்டும். நான் வந்தது இதற்காகத்தான்.

இன்று காலை பத்து மணிக்கு, இந்த வாக்குமூலத்துக்கு முன்பு, மான்தாங்குக்கு மாற்றுத் துணியும் தினைக் கஞ்சியும் கொண்டுவந்தேன். காவலர் துவான் ஐந்து நிமிடம் பேச அனுமதித்தார். தண்ணீர் ஊற்றியதை அவரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினார். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா மச்சான்?"

"தெரியாது மாப்ளே" என்றேன்.

அதன் பிறகுதான் அவர் அழுதார்.

யென்மெய்யுடன் நான் பேசியது, தாள் ஒட்டியது ஆகியவற்றை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டேன். வழக்கு நடந்தால் படிக்கத்தான் வேண்டியிருக்கும், உறுதி சொல்ல முடியாது என்று காவலர் துவான் கூறினார். குற்றத்தை நான் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் அந்தப் பகுதியைப் படிக்கும் தேவை வராது என்று நம்புகிறேன்.

மேலே உள்ளவை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கின்றன. இதில் பொய் என்று ஒன்று இருந்தால் அது இன்று காலை நான் ஹெ மான்தாங்குக்குச் சொன்ன பதில் மட்டுமே. அதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

(கையொப்பம்) லியூ பாவோகுய்
வலது ஆள்காட்டி விரல் ரேகை, ஒவ்வொரு பக்கத்திலும்.