இடது காது

எனக்கு ஒலிப்புத்தகம் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், பாஷா. போன மாதம்கூட முலூகியா கீரை ஆய்ந்துகொண்டே ஒன்றைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நடுவில் கொஞ்சம் இழுவை. வாசித்த பெண்ணின் குரலில் சர்க்கரை ஒரு கரண்டி தூக்கல். ஆனாலும் கடைசிவரை கேட்டேன். நல்லதை நல்லது என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வலித்ததில்லை.

இதைச் சொல்லவா உன்னைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறோம் என்று பார்க்கிறீர்கள். என் கணவர் லுத்பியின் கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள், காதைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. வக்கீல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வக்கீல் வந்தால் என் பேச்சையும் அவரே பேசுவார். அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து எனக்குப் பல வருஷப் பழக்கம். போதும்.

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை தோறும் மாலையில் கூட்டம் கூடும். இப்ராஹிமிய்யாவில் டிராம் சத்தம் கேட்கும் வீடு அது. நீங்கள்தான் வந்து பார்த்தீர்களே. துறைமுகச் சுங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர் லுத்பி. ஆனால் அலெக்ஸாந்திரியாவில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் நாவலும் சினிமாவும்தான். எங்கள் ஊர் பத்திரிகை ஒன்றில் ‘இந்த மாதம் ரசித்தவை’ என்று எழுதுவார். பத்திரிகை படுத்த பிறகு முகநூலில் எழுதினார். என்ன படித்தேன், என்ன பார்த்தேன், ஏன் பிடித்தது. அதைப் படிக்க ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தின் தலைகள்தான் வியாழக்கிழமை எங்கள் நாற்காலிகளை நிரப்பின. தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நஷீத் ஒருநாளும் தவறியதில்லை.

நானும் படித்தேன், பாஷா. அவர் படித்து முடித்ததையெல்லாம் படித்தேன். அவர் பாதியில் வைத்ததையும் படித்தேன். காப்பித் தட்டோடு நான் கூடத்துக்குள் நுழையும்போது நாக்கு நுனியில் கருத்து இருக்கும். ஒரு தடவை சொல்லியும் விட்டேன். எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாவல் ஒன்றில் அம்மாக்காரி சாகிற இடம் பொய் என்றேன். அவள் செத்தால்தான் மகனுக்கு அழ வாய்ப்பு கிடைக்கும் என்று எழுதியவர் அவளைக் கொன்றுவிட்டார், அவளாகச் சாகவில்லை என்றேன்.

லுத்பி சிரித்தார். “இஸ்மத்துக்குச் சமையல் புத்தகத்துலகூட முடிவு பிடிக்காது. கடைசியில உப்பு போடுன்னு எழுதியிருந்தா, ஏன் கடைசியிலன்னு கேப்பா.”

நஷீத் சிரித்ததில் அவர் காப்பி தளும்பியது. “மதாம், காப்பிக்கு முடிவு நல்லா இருக்கு. அது போதும் எங்களுக்கு.”

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்பார்கள். அடுத்த மாதம் அவர் பக்கத்தில் அந்த நாவலைப் பற்றி எழுதியிருந்தார். அம்மா சாகவில்லை, கொல்லப்படுகிறாள் என்று. என் வாக்கியம்தான், அதற்கு மேலே அவர் பெயர். ஊரே பாராட்டியது. கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள் அல்லவா? இருந்தது. அன்றைக்குப் பற்றியது இன்றும் அணையவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவர் கண்ணில் அழுத்தம் ஏறியது. வலிக்காத நோய் அது. பார்வையை ஓரத்திலிருந்து மெல்லத் தின்னும். காலையும் மாலையும் சொட்டு மருந்து விடச் சொன்னார் டாக்டர். லுத்பிக்குத் தன் கையால் கண்ணில் மருந்து விட்டுக்கொள்ளப் பயம். நான்தான் விடுவேன். மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கும். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிப்பார். “இதை எழுதுனவனுக்கு நடையே வரலை” என்பார். சொட்டு மருந்துக்கும் அவரிடம் விமர்சனம் இருந்தது.

முதல் தடவை உண்மையாகவே மறந்துபோனேன். சத்தியமாக. பெருநாள் வேலை, வீடு நிறைய ஆட்கள். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்போதுதான் யோசித்தேன். படிக்க முடிகிறவன் யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. படிக்க முடியாதவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதில் என்ன தப்பு இருக்கிறது? கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

கொதித்து ஆறிய தண்ணீரைத்தான் குப்பியில் ஊற்றினேன். சுத்தமான தண்ணீர். கண்ணுக்கு ஒரு கெடுதலும் செய்யாத தண்ணீர். கெடுத்தது நோய், நான் அதன் வழியில் குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான். டாக்டர் மருந்தை மாற்றினார், மறுபடி மாற்றினார். அறுவை சிகிச்சை என்றதும் லுத்பி பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மருந்து விட்டுவிட்டு நான் கண்ணைத் துடைக்கும்போது மட்டும், “இந்தப் புது மருந்து தேவலை இஸ்மத், கசப்பே இல்லை” என்பார். ஆமாம், நல்ல மருந்து என்பேன்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இரண்டு குளிர்காலம் போவதற்குள் எழுத்து முழுவதும் அவரைவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் என் வாழ்க்கையின் நல்ல காலம். சிரிக்காதீர்கள். பால்கனியில் கடலைப் பார்த்து அவர் நாற்காலி, அதன் இடது கைப்பக்கம் என் நாற்காலி. நான் படிப்பேன், அவர் கேட்பார். வாய் மூடிக் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்து அவர் கேட்டது அப்போதுதான். திரையரங்குக்கும் போனோம். எந்தப் பெருநாள் படத்தையும் விடக்கூடாது அவருக்கு. அங்கேயும் இடது பக்கம் உட்கார்ந்து திரையில் நடப்பதை அவர் காதில் சொல்வேன். ஒரு தடவை பின்வரிசையில் ஒருவர், “அம்மா, அவன் எங்க அழுறான்? சாண்ட்விச்சுல்ல திங்கிறான்” என்றார். என் படத்தில் அவன் அழுதான். அழ வேண்டிய இடம் அது.

ஆமாம், மாற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக. எழுதியவர் சோம்பேறித்தனமாக விட்ட இடங்களை நிரப்பினேன். காரணமில்லாமல் செத்தவர்களைச் சாகவிடவில்லை. அப்புறம் போர்ட் சயீத் ஊர்ப் பெண் ஒருத்தி எழுதிய நாவல் வந்தது. அதில் ஒருத்தி புருஷன் தூங்கும்போது பெட்டியோடு துறைமுகம் போகிறாள். அச்சில் உள்ளபடி, விடியும்போது வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தைக் கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. அவளைக் கப்பலில் ஏற்றினேன். கப்பல் நகர்ந்த பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். அவசரத்தில் புருஷனுடைய சட்டைகளை எடுத்து வந்திருக்கிறாள். ஒவ்வொன்றாகக் கடலில் போடுகிறாள். கடைசிச் சட்டையைக் குளிருக்குப் போட்டுக்கொள்கிறாள். அங்கே முடித்தேன்.

லுத்பி நாற்காலியில் என் பக்கம் திரும்பினார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து முத்தமிட்டார். “அந்தச் சட்டை, இஸ்மத். அந்தக் கடைசிச் சட்டை. இந்த மாதிரி ஒரு முடிவை நான் இதுவரைக்கும் படிச்சதில்லை.”

அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்துதானே இருந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல நான்தான் முகநூலில் தட்டினேன். முடிவு பிரமாதம் என்று மட்டும் எழுதச் சொன்னார். முடிவு இன்னதென்று வெளியே சொல்லிவிடுவது அவர் வழக்கமில்லை. ஆனால் வியாழக்கிழமை வீட்டுக்குள் பேசும்போது அந்தக் கட்டுப்பாடு இருக்குமா? சட்டையை வர்ணித்தார். ஒவ்வொன்றாகக் கடலில் விழுவதைக் கையால் காட்டினார். நான் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மார்பு விம்மியது.

அவருடைய அக்கா மகள் இன்ஜி அன்றைக்கு வந்திருந்தாள். கெட்ட பெண் இல்லை. வாய்தான் சும்மா இராது. “மாமா, நீங்க எந்தக் கதையைச் சொல்றீங்க? அவ கப்பல்லயே ஏறலையே. திரும்ப வந்து டீ போடுறா. நான் ஆடியோவுல கேட்டேன், நேத்துதான், டிராம்ல.”

“சரியாக் கேட்டிருக்க மாட்டே. தூங்கியிருப்பே.”

“இந்தாங்க, நீங்களே கேளுங்க.” போனை எடுத்துப் போட்டாள். அந்தச் சர்க்கரைக் குரல் எங்கள் கூடத்தில் பேசியது. அடுப்பு பற்றியது, தண்ணீர் கொதித்தது, நாவல் முடிந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்று நான் இங்கே இருக்க மாட்டேன். லுத்பி சிரித்தார். பழைய சிரிப்பு. “பாத்தீங்களா, என் பொண்டாட்டி எழுத்தாளர் ஆயிட்டா.” நஷீத், “கண்ணு தெரியாத ஆளைப் பாத்து மட்டமான சரக்கைத் தள்ளிட்டீங்களே மதாம்” என்றார். அதையும் பொறுத்தேன். அப்புறம் லுத்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் குரலில் ஆரம்பித்தார்.

“எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான். அந்தச் சட்டை இருக்கே, கொஞ்சம் மலிவு. சீரியல் பாக்கிறவங்க யோசிக்கிறது. அச்சுல இருக்கிற முடிவுதான் அடக்கம்.”

அதே சட்டை, பாஷா. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வேறொருத்தி எழுதியது என்று நினைத்தபோது என் கையை முத்தமிட வைத்த சட்டை, என்னுடையது என்று தெரிந்ததும் மலிவாகிவிட்டது. நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். ஒன்றும் உடையவில்லை. என் கோபத்தில் எப்போதும் எதுவும் உடைந்ததில்லை.

இன்ஜி அவருக்குப் போனில் நூலகமே வைத்துக் கொடுத்தாள். வலது காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டாள். ஒரு காது போதும் மாமா, மற்ற காதால் அத்தை கூப்பிடுவது கேட்கும் என்றாள். கேட்டது, ஆனால் திரும்பவில்லை. நான் பேச ஆரம்பித்தால் ஒரு விரலைத் தூக்குவார். பொறு, அத்தியாயம் முடியட்டும் என்று அர்த்தம். சாப்பிட வாங்க என்றால் விரல். கடலில் மழை இறங்குகிறது என்றால் விரல். ஒருநாள் தானாகவே, “அந்தப் பொண்ணு எப்படிப் படிக்கிறா தெரியுமா, எழுத்துக்கு நடுவுல அவ வர்றதே இல்லை” என்றார். நான் எழுத்துக்கு நடுவில் வந்தவளாம். என் வீட்டு பால்கனியில், என் புருஷன் காதுக்குள் அவள் குடியிருந்தாள். நான் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருவியை ஓயாமல் மாட்டியதில் வலது காதில் அரிப்பு வந்தது. அதற்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். விடுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? தலையை என் மடியில் சாய்த்துக் கொடுத்தார். குப்பியில் என்ன இருந்தது என்று உங்கள் ஆய்வகம் சொல்லிவிட்டது. நான் ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்? உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கித்தான் விட்டேன். ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். அவருக்குத் தலை சுற்றினால் எனக்குத் தாங்காது. கத்தினார். நான்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு நஷீத் வந்தார். லுத்பி அழுதுகொண்டே சொன்னாராம்: “இஸ்மத் கைராசிக்காரிடா. கண்ணுல அந்தப் புது மருந்தை எத்தனை வருஷமா விடறா, ஒருநாள் எரிஞ்சதில்லை, கசந்ததில்லை.” நஷீதுக்கு முகம் மாறியிருக்கிறது. அந்த மருந்துகளை விற்றவரே அவர்தானே. “கசக்கலையா? உஸ்தாத், அது எல்லாருக்கும் கசக்குமே.” அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார். இத்தனை வருஷமாக என் காப்பியைக் குடித்த மனிதர் என்னைப் பற்றி யோசித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆக, கண் நான்தான். வலது காதும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் இடது காதை நான் தொடவில்லை. அதை நன்றாகத் தெரியும்படி எழுதுங்கள். நீதிபதி கருணை என்று எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். நான் எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் காது என்னுடையது.

இப்போது அந்தக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்கிறார் என்று உங்கள் காவலர் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கழற்றச் சொல்லுங்கள், பாஷா. நாங்கள் பாதியில் விட்ட நாவல் ஒன்று இருக்கிறது. வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, அவரை இங்கே கூட்டி வந்தால் போதும். அச்சில் உள்ளபடியே படிக்கிறேன். ஒரு சொல் மாற்ற மாட்டேன். முடிவை மட்டும் அங்கே வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். அவருக்குப் பிடிக்கும்.