முதல் பாகம் இலவசம்

கோவிலில் புளியோதரையை இலவசமாகக் கொடுத்தால் வாங்கினவன் அங்கேயே நின்று தின்றுவிடுவான். தொன்னையைத் தூண் ஓரமாகப் போட்டுவிட்டுக் கையைத் தலையில் தடவிக்கொண்டு போவான். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தால் வாங்கினவன் அதைத் திறக்கவே மாட்டான். போனுக்குள் போட்டுக்கொண்டு, தனக்கும் ஒரு நூலகம் இருப்பதாக நினைத்துத் தூங்கப் போய்விடுவான். இந்த வித்தியாசம் தெரியாதவருக்கு என் வழக்கு புரியாது. அதனால்தான் ஐயா, இதை முதலில் சொல்கிறேன்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் சம்மதித்தது பெரிய மனசு. உங்கள் ஏட்டு எழுதியிருந்தால் 'மேற்படி நபர் மேற்படி கொட்டையை' என்று ஆரம்பித்திருப்பார். நான் எழுத்தாளன். கெட்ட காரியம் செய்திருக்கலாம், கெட்ட வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போட மாட்டேன்.

என் பெயர் மணவாளன். உத்திரமேரூர் நெல் மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டால் 'புளுகு மணவாளனா' என்று கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்கு வழி சொல்வார்கள். நம் ஏரியில் ஒரு விரால் மீன் மதகுக் கதவை விழுங்கிவிட்டது, அது ஏப்பம் விட்ட அன்றைக்குத்தான் ஊருக்குள் வெள்ளம் வந்தது என்று அங்கே ஒரு நாள் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய் மதகை எட்டிப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். புளுகு என்று தெரிந்தவன் எதற்கு எட்டிப் பார்க்கிறான்? மனுஷ ஜாதியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

அந்த விராலை வைத்து ஒரு நாவல் எழுதினேன். பதிப்பாளர் எவரும் சீண்டவில்லை. அப்போதுதான் என் தம்பி மருமகள் சுபாஷ்ரீ உள்ளே வருகிறாள். வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் கம்பெனிகளுக்கு விளம்பர வேலை செய்கிறவள். நல்ல பெண், அவளை இதில் இழுக்க வேண்டாம். நாவலை மின்னூலாக்கி, எழுத்தாளர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் ஒரு தளத்தில் ஏற்றிக் கொடுத்தாள். விலை வைக்கலாம் என்றேன்.

"சும்மா குடுங்க பெரிய மாமா. மொதல்ல சும்மா குடுத்தாத்தான் பேரு வரும். பேரு வந்தா துட்டு தானா வரும்" என்றாள்.

கொடுத்தேன். வாங்கினார்கள். நூற்றுக்கணக்கில் வாங்கினார்கள். டல்லாஸில் ஒருவன், துபாயில் ஒருவன், திருப்பூரில் கும்பலாக. அந்தத் தளத்தில் ஒரு வசதி உண்டு. புத்தகத்தை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று மட்டுமல்ல, எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்றும் கோடு போட்டுக் காட்டும். எடுத்தவர்களின் கோடு பனைமரம் மாதிரி நின்றது. படித்தவர்களின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது, வெயிலில் செத்த பாம்பு மாதிரி.

என்னைப் போன்ற சொந்தப் பதிப்பு எழுத்தாளர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் சேர்ந்தேன். நான் உனக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறேன், நீ எனக்கு ஐந்து போடு என்பதுதான் அங்கே இலக்கியம். 'அற்புதமான நடை ஐயா' என்று ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் என் நாவலுக்கு எழுதினார். எந்த மீனைப் பற்றிய கதை என்று போன் போட்டுக் கேட்டேன். சுறா என்றார். ஏரியில் சுறா. என்னையே மிஞ்சிவிட்டார்.

சுபாஷ்ரீ பார்த்துவிட்டு, கதை ஓடாது, வைத்தியம் எழுதுங்கள் என்றாள். முதல் பாகத்தைச் சும்மா கொடுத்துவிட வேண்டும், நல்ல இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும், மீதி வேண்டுமென்றால் இரண்டாம் பாகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எல்லா ஊரிலும் எழுதுகிறவர்கள் இப்படித்தான் பிழைக்கிறார்களாம். அவள் மனசில் இருந்தது கடலைமாவும் கற்றாழையும். நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

'திருப்புட்குழிச் சுவடி வைத்தியம், பாகம் ஒன்று.' பத்தே நாளில் எழுதி முடித்தேன். திருப்புட்குழியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது சுவருக்குள் சுவடிக் கட்டு கிடைத்ததாக முன்னுரையில் போட்டேன். பாதியைக் கரையான் தின்றுவிட்டது, அந்தக் கரையான்கள் இன்றுவரை சாகவில்லை என்றும் போட்டேன். முதல் பக்கத்திலேயே இருக்கிறது ஐயா, நீங்களே பாருங்கள். சாகாத கரையானைப் படித்துவிட்டு மேலே போகிறவனுக்கு என்ன எச்சரிக்கை போதும் என்று எனக்குத் தெரியவில்லை.

முடி கொட்டுவது, வாயு, பசியின்மை என்று எல்லாவற்றுக்கும் வேப்பிலை, சீரகம், நல்லெண்ணெய். தின்றாலும் கெடுதல் இல்லை, தின்னாவிட்டாலும் இல்லை. கடைசி அத்தியாயம் முட்டி வீக்கம். அதற்கு ஒரு கொட்டையைச் சொன்னேன். பெயரை இங்கே எழுதவில்லை, இந்தத் தாள் யார் யார் கைக்குப் போகுமோ. பச்சையாக உடம்பில் பட்டாலே புண்ணாகிவிடும், சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். நாட்டு வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்துதான் கொடுப்பார்கள். சுத்தி என்றால் நஞ்சை முறிப்பது. அது ஒரு பெரிய வேலை. புத்தகத்தில் இப்படி எழுதினேன்: 'இது நஞ்சு. முறைப்படி சுத்தி செய்து உண்டால் கிழவனும் ஏரிக்கரையில் ஓடுவான். சுத்தி முறை இரண்டாம் பாகத்தில்.'

நஞ்சு என்பதை நான் மறைக்கவில்லை. நோய் இலவசம், மருந்து இலவசம், எச்சரிக்கையும் இலவசம். முறிவுதான் விலைக்கு. சுபாஷ்ரீ சொன்ன நல்ல இடம் அதைவிட வேறு எது?

வழக்கம்போல எடுத்தார்கள், வழக்கம்போலப் படிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் செத்த பாம்பு தலையைத் தூக்கியிருந்தது. யாரோ ஒருவர் கடைசிப் பக்கம் வரை போயிருக்கிறார். அடுத்த நாள் மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு அன்றைக்கு நாஷ்டா இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அப்புறம் போன் வந்தது. பழையசீவரத்திலிருந்து கீதா என்கிற பெண். புத்தகத்தின் கடைசியில் என் நம்பர் இருந்ததல்லவா, பிடித்துவிட்டாள். அவள் புருஷன் மோகன்குமார் பாலாற்றங்கரையில் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவன். இரண்டு முட்டியும் பலாக்காய் மாதிரி வீங்கிப்போய்ச் சேற்றில் கால் வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றைக் கிழிக்கிறது என்று நிறுத்திவிட்டான். நடவுக்குள் எழுந்து நிற்காவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த நிலம்தான் அவர்களுக்குச் சோறு. கொட்டையை வாங்கி வைத்திருக்கிறாள். நாட்டு மருந்துக் கடைக்காரர் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு கொடு என்றாராம். வைத்தியர் என்று அவள் நினைத்தது என்னை.

இரண்டாம் பாகத்தில் இருக்கிறது என்றேன். அவளிடம் கார்டு இல்லை, போனில் பணம் அனுப்பத் தெரியாது. மறுநாள் பஸ் பிடித்து நேரில் வந்துவிட்டாள். முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். நான் தொடவில்லை. தளத்தில் வாங்கினால்தான் விற்பனைக் கணக்கில் ஏறும், கையில் வாங்குவது முறையில்லை என்று விளக்கிச் சொன்னேன்.

"இன்னா ஐயா, வாயால ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?" என்றாள்.

"ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும்மா. அப்புறம் புஸ்தகம் இன்னாத்துக்கு கீது?"

அவள் எழுந்து போய்விடவில்லை. எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். டீக்கடைக்காரர்கள் ஒரு கண்ணை பஸ் மேலே வைத்துக்கொண்டு கேட்பார்கள். இவள் முழுதாகக் கேட்டாள். அப்புறம் அவளாகவே, "சுடுதண்ணில கழுவி, வெயில்ல காயவெச்சி குடுத்தா போதுமா? அத்த மட்டுமாச்சும் சொல்லுங்க" என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, "கெட்டிக்காரிதாம்மா நீ" என்றேன். கெட்டிக்காரி என்பது ஒரு பாராட்டு. மருந்துச் சீட்டில் எழுதுகிற வார்த்தை இல்லை.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பணத்தை மறுபடி முடிந்துகொண்டு போனாள்.

மூன்றாம் நாள் மோகன்குமார் செத்துப்போனான். வாயும் தொண்டையும் வெந்து, மூச்சுக் குழாய் அடைத்துவிட்டதாக செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். செய்தி போனுக்குப் போன் பரவியது. அந்த வாரம் என் முதல் பாகத்தை எடுத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று உங்களுக்கே தெரியும். செத்தவன் தின்ற கொட்டை எது என்று பார்க்க வந்தவர்கள். அவர்களிலும் முன்னுரையைத் தாண்டினவர்கள் சொற்பம். ஒரு பிணத்தைக் கொடுத்தாலும் இந்த ஜனம் பத்துப் பக்கம் புரட்டாது. வாட்ஸப் குழுவில் அந்த வங்கி மேனேஜர் தனியாக மெசேஜ் போட்டு, இந்த அளவுக்கு எப்படி விளம்பரம் செய்தீர்கள் என்று கேட்டார்.

நேற்று நீங்கள் இரண்டாம் பாகத்தை விலை கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு வந்தீர்கள். உங்கள் பதவியில் இருக்கிறவர் இலவசத்துக்குக் காத்திருக்காமல் வாங்கியது மரியாதையான காரியம். அதில் சுத்தி முறை இல்லையே என்று கேட்டீர்கள். இல்லை. 'மூன்றாம் பாகத்தில்' என்று போட்டிருக்கிறேன். மூன்றாம் பாகம் எழுதவில்லை. எழுத முடியாது. சுத்தி முறை எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பெண் மேஜைமேல் வைத்த பணத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தாலும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. பணத்தைத் தொடவில்லை என்பதால் நான் ஏமாற்றவும் இல்லை.

தெரியாது என்று அவளிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நான் எழுதினதைக் கடைசி வரை படித்த ஒரே ஆள் அவள். இரண்டு தடவை படித்தவள். அவளிடம் போய் எனக்குத் தெரியாது என்று சொல்வதா? வாசகரை அப்படி அவமானப்படுத்தக்கூடாது ஐயா.

கடைசியாக அந்த இன்னொரு போனைப் பற்றிக் கேட்டீர்கள். மோகன்குமார் செத்த அன்றைக்குக் காலையில் கீதா என்னைக் கூப்பிட்டாள். அதை மறைக்க எனக்கு ஆசையில்லை. எழுதுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதன்படி இந்த இடத்தில் வருகிறது. அழுகையில் அவள் பேச்சு குழறியது.

"வாயெல்லாம் வெந்துபோய் கீது ஐயா, தொண்ட வீங்கிக்கினு வருது. வண்டி நிக்குது, ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு பூடட்டுமா, இல்ல இப்டித்தான் இருக்குமா?"

வண்டி வாசலிலேயே நின்றது ஐயா. போ என்று ஒரு எழுத்து சொன்னால் போதும். சொன்னால் மருந்து தப்பு என்று ஆகிவிடும். மருந்து தப்பென்றால் புத்தகம் தப்பு. நான் நிதானமாக, ஒரு வைத்தியர் எப்படிச் சொல்வாரோ அந்தக் குரலில், "மருந்து வேல செய்யுதும்மா. பயப்படாத. சாயங்காலம் வரிக்கும் பாரு" என்றேன். அவள் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தாள்.

இரண்டாம் பாகத்தில் பாரு என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். நியாயப்படி அதுதான் முறை. ஆனால் ஒரு பெண் அப்படி அழும்போது விலை பேச எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு பதிலை மட்டும் அவளுக்கு இலவசமாகவே கொடுத்தேன்.