தேநீருக்குத் தட்டிய கைகள்

அக்கா, உன் காலில் விழுகிறேன், இதை யாரிடமும் காட்டிவிடாதே. நாளைக்கு நம் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளரை வாழ்த்திப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் என் அப்பாதான் என்று பக்கத்து வீட்டுக்காரி உனக்குத் தெரியாதா? வாழ்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன், வந்தது இதுதான். பேசலாமா என்று நீ மட்டும் படித்துச் சொல்.

தலைமை தாங்கும் ஐயா அவர்களே! படியேறிப் படியேறி மூச்சிரைக்கும் பெரியோர்களே! தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்து வந்திருக்கும் தாய்மார்களே! தலைகுனிந்து வணங்குகிறேன். குனிந்த தலையை நிமிர்த்த வெட்கம் விடவில்லை.

போன கூட்டம் நினைவிருக்கிறதா? லிஃப்ட் பழுதுபார்க்கும் தீர்மானத்தை அப்பா வாசித்தார். முடிக்கும் நேரம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தேநீர்த் தட்டோடு நுழைந்தேன். “அப்பாடா, வந்துருச்சுப்பா!” என்று கைதட்டினீர்கள். நீங்கள் தட்டியது தேநீருக்கு. அப்பா அறிவித்ததோ, “ஒருமனதாக நிறைவேறியது!”

சிரிக்காதீர்கள், முன்வரிசை மாமாக்களே! முதலில் தட்டியதே நீங்கள்தான்.

வேலை யாருக்குப் போனது? என் சொந்தத் தாய்மாமாவுக்கு. பழுது பார்த்தாரா? பெயின்ட் அடித்தார்! “கதவு பளபளன்னு இருந்தா போதும் மச்சான், உள்ள எவன் எட்டிப் பார்க்கப் போறான்?” என்று அப்பா போனில் சிரித்ததை என் காதால் கேட்டேன். அந்த லிஃப்ட் நழுவி விழுந்ததில், தையல் மிஷினை மிதித்துப் பிழைக்கும் மேல்மாடி அத்தையின் கால் இன்று மாவுக்கட்டில். பார்க்கப் போனேன். “ஏன்டி கண்ணு நிக்கிறே? செயலாளர் பொண்ணு, உட்காரு” என்றார். உட்காரக் கூசியது.

கடைத் தராசைச் சோதிக்க அரசு ஆள் வருகிறார். பேருந்தின் பிரேக்கைச் சோதிக்க அரசு ஆள் வருகிறார். நம் உயிரைத் தூக்கி இறக்கும் சங்கத்தைக் கேட்க யார் வருகிறார்? செயலாளரே கேட்பார், செயலாளரே பதில் சொல்வார், நாம் தேநீர் குடிப்போம்!

“நம்ம வீட்டு விஷயத்துக்கு வெளியாள் எதுக்கு?” என்கிறீர்களா, சித்தி? என் வீட்டு விஷயம் என்பதால்தான் கேட்கிறேன். வேண்டும் அரசுத் தணிக்கை! வேண்டும் ரகசிய வாக்கு! வேண்டும், சொந்தக்காரருக்கு வேலை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம்!

இன்று புது லிஃப்ட்டுக்குத் தீர்மானம் வருகிறது. தட்டும் வரும். தட்டாதீர்கள்! தட்டை நான் தூக்கப்போவதில்லை. என் அப்பாவைத் திட்டாதீர்கள், கேள்வி கேளுங்கள். அவர் நல்லவர் என்று சொல்ல ஆசை. வாய் வரவில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு ஒரு மகளின் நன்றியும் வண

அக்கா, கதவைத் தட்டுகிறார். “பாப்பா, இன்னும் தூங்கலையா? எழுதினதை அப்பாவுக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டும்மா, கேக்க ஆசையா இருக்கு. கதவைத் தி